கோணி அடைத்த குழாய்

ஆம்பூர்
ஜூன் கடைசி ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்த மதியம்

அன்பு மகள் ஃபீபிக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையில் எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மானத்துக்குத்தான் கொஞ்சம் சேதம். ஆக்லாந்துக் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல் நல்லபடி இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். மானத்துக்கு என்ன ஆயிற்று என்றால், போன செவ்வாய்க்கிழமை போதகர் ஐயா வீட்டு ஜெபத்துக்கு வந்தார். புது வீடு ஆயிற்றே, பார்க்கிறேன் என்று ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவர் எங்கள் படுக்கை அறைக் கதவுக்கு முன்னால் நின்றுவிட்டார். கதவில் பச்சை ஸ்டிக்கரில் ஒரு மனிதன் தலைதெறிக்க ஓடுகிறான், கீழே ‘அவசர வழி’ என்று எழுதியிருக்கிறது, அம்புக்குறி வாசலைக் காட்டுகிறது. ஐயா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, ‘ஜெயகரன், வீட்ல சமாதானமெல்லாம் எப்டி இருக்கு?’ என்று கேட்டார். நல்லா இருக்கு ஐயா என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. அன்றைய ஜெபத்தில் பாதி, கணவன் மனைவி ஒற்றுமைக்கே போய்விட்டது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொல்லும்போதெல்லாம் முழங்கையால் எனக்கு ஒரு இடி. அந்த ஸ்டிக்கரோ ஷூ கம்பெனி கம் போட்டு ஒட்டியது, மண்ணெண்ணெய் போட்டேன், தேங்காய் எண்ணெய் போட்டேன், தோசைக்கரண்டியால் சுரண்டியும் பார்த்துவிட்டேன். ஓடுகிறவனின் ஒரு கால்தான் போயிற்று. இப்போது நொண்டிக்கொண்டு ஓடுகிறான்.

அந்த ஸ்டிக்கர் எப்படி வந்தது என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். வீட்டு மார்க் விஷயம் உனக்கு மெயிலில் வந்திருக்கும், அம்மாவும் தன் பங்குக்குப் போனில் சொல்லியிருப்பாள். ஆனால் அவள் சொன்னதில் நான் ஒரு கோமாளியாக வந்திருப்பேன். என் வாயால் சொன்னாலும் கோமாளிதான், இருந்தாலும் என் பக்கமும் ஒன்று இருக்கட்டும். போனில் சொல்லலாம் என்றால் அவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஒவ்வொரு வரிக்கும் திருத்தம் சொல்கிறாள். அதனால்தான் பேனா.

வீட்டுக்கு மார்க் போட ஆள் வரும் என்று நீ சொன்னபோது எனக்கு நூதனமாக இருந்தது. தோலுக்குத் தரம் பிரித்தே ஆயுசைக் கழித்தவன் நான், வீட்டுக்கும் தரம் உண்டு என்பது தெரியாது. வெளிச்சம் எந்தப் பக்கம் வருகிறது, காற்று எப்படி நுழைந்து எப்படிப் போகிறது, என்ன கல், என்ன மரம், மழைத்தண்ணீர் எங்கே சேருகிறது, குப்பை எங்கே போகிறது என்று புதிதாகக் கட்டிய வீட்டைத் துருவித் துருவிப் பார்த்து நட்சத்திரம் கொடுப்பார்களாம். மூன்று வந்தால் பிரயோஜனம் இல்லை, நாலு வந்தால்தான் இந்த வீட்டை உன் சொந்த வேலை என்று காட்டி அங்கே ஆர்க்கிடெக்டாகப் பதிவு செய்ய முடியும், ஐந்து வந்துவிட்டால் உங்கள் ஆபீஸ் சுவரில் படமே மாட்டுவார்கள் என்று சொன்னாய். நாலு வராவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன், இன்னொரு வீடு வரைந்து அதை யாராவது கட்டும்வரை காத்திருக்க வேண்டும் என்றாய். நீ படம் வரைந்து அனுப்பியதும் வாயைத் திறக்காமல் கட்டுவதற்கு இன்னொரு அப்பனை எங்கே போய்த் தேடுவாய்? அதனால் எனக்கு ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. நீயோ, ‘அப்பா, அவங்க வர்றப்ப வீடு எப்டி இருக்கோ அப்டியே இருக்கட்டும், நீங்க ஒன்னும் பண்ணாதீங்க’ என்றாய். ஒன்றும் பண்ணாமல் இருக்கச் சொல்லி என்னை யாரும் பழக்கவில்லையே பாப்பா.

இதை ஜான் பாஷா பாயிடம் சொன்னதுதான் தப்பு. பாயை உனக்குத் தெரியும், கம்பெனியில் நான் ஃபினிஷிங் சூப்பர்வைசராக இருந்த காலம் பூராவும் ஆடிட்டுக்குக் கம்பெனியைத் தயார் பண்ணுகிற வேலை பார்த்தவர், இப்போது ரிட்டயராகி நம் பக்கத்துத் தெருவில் சும்மா இருக்க முடியாமல் இருக்கிறார். வெளிநாட்டுக்காரன் ஆள் அனுப்பி கம்பெனியைப் பார்ப்பான் அல்லவா, அதுதான் ஆடிட். முந்தின நாள் கக்கூஸில் புது சோப்பு வரும், முதலுதவிப் பெட்டிக்குள் பஞ்சு வரும், வராண்டா பூராவும் நர்சரியிலிருந்து வாடகைச் செடி வரும், என்ன கேட்டால் என்ன சொல்லணும் என்று ஒவ்வொருவருக்கும் பாடம் நடக்கும். ஆடிட்டர் கார் கேட்டைத் தாண்டினதும் செடி டெம்போ ஏறிவிடும், சோப்பு பீரோவுக்குள் போய்விடும். எந்தக் கம்பெனி என்று எழுதமாட்டேன், பாய்க்கு பென்ஷன் வருகிறது. விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் கல்யாணக் களை வந்துவிட்டது. ‘இன்னா ஜெயகரா, ஆடிட் நமக்கு புதுசா? ஃபிக்கர் பண்ணாத, கவலய வுடு. ஒரு நாள் டைம் குடு, வீட்டையே எக்ஸ்போர்ட் குவாலிட்டி ஆக்கிடலாம்’ என்றார்.

முதலில் ஸ்டிக்கர் வந்தது. படுக்கை அறை, சமையலறை, குளியலறை ஒன்று பாக்கியில்லாமல் ‘அவசர வழி’. முருங்கை மரத்தடியில் ‘கூடுமிடம்’ என்று ஒரு போர்டு, தீப்பிடித்தால் நானும் அம்மாவும் அங்கே போய் ஒருத்தரை ஒருத்தர் எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அப்புறம் வெளிச்சுவர். செங்கல்லை நிற்கவைத்து நடுவில் வெற்றிடம் விட்டு, மேலே பூச்சு பூசாமல் விடச் சொன்னாய் அல்லவா, போகிற வருகிறவர்கள் எல்லாம் காசு தீர்ந்து வேலை நின்றுவிட்டது என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ‘மொகத்துல பவுடர் போடாத பொண்ணு மாதிரி நிக்குதுபா, மறைச்சிடலாம்’ என்று பாய் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் அடித்து வந்து அந்தச் சுவரை மூடிவிட்டார். ‘பசுமை இல்லம் காண வருகை தரும் அதிகாரி அவர்களே வருக வருக.’ நடுவில் நீ பட்டம் வாங்கின போட்டோ, ஒரு மூலையில் ஸ்டாம்பு அளவுக்கு நான், இன்னொரு மூலையில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு என்னைவிடப் பெரிதாக பாய்.

இதெல்லாம் போகட்டும். பின்பக்கம் போனதும் பாய் அப்படியே நின்றுவிட்டார். குளியலறைத் தண்ணீர் ஒரு குழாய் வழியாக வந்து, ஜல்லியும் மணலும் போட்டுக் கல்வாழை நட்ட தொட்டியில் வடிந்து வாழைக்குப் பாய்கிறதே, அந்தக் குழாயைப் பார்த்துவிட்டார். ‘அடப்பாவி, அவுட்லெட் பைப் பப்ளிக்கா தொறந்து கெடக்கு, தண்ணி மண்ணுல போவுது, ஆபீசர் வர்றாங்கன்னு வேற சொல்ற! இத்தினி வருஷம் இந்த ஊர்ல இருந்தும் உனக்கு அறிவு இல்லயா?’ என்றார். அவர் சொன்னதும் எனக்கும் சில்லிட்டுவிட்டது. கழிவுத் தண்ணீர்க் குழாயைத் தேடி ஆபீசர் வந்தால் தோல் கம்பெனிக்கே பூட்டு விழும் ஊரில் வளர்ந்தவன் நான். அந்தக் குழாயில் வருவது என் குளியல் சோப்புத் தண்ணீர்தான், தோல் தொட்டித் தண்ணீர் இல்லை என்பதே அந்த நேரத்தில் எனக்கு மறந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள். இரண்டு கோணிப்பையைச் சுருட்டிக் குழாய் வாயில் திணித்தோம், மண் போட்டு மெழுகினோம், அதன்மேல் வாடகைக் குரோட்டன்ஸ் தொட்டியைத் தூக்கி வைத்தோம். துணிக்கொடியையும் அவிழ்த்தாயிற்று, ஆடிட் அன்று எதுவும் தொங்கக் கூடாதாம். அம்மா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். ‘ஏங்க, பாப்பா ஒன்னும் பண்ணாதீங்கன்னுதானே சொன்னா?’ என்றாள். நல்லபடியாகப் பண்ணினால் ஒன்றும் பண்ணாத மாதிரிதான் இருக்கும் என்றேன். ‘நர்ஸா இருந்தப்ப பெரிய டாக்டருக்கே பொய் சொன்னவ இல்ல நான். நாளைக்கு என்னை எதுவும் சொல்லச் சொல்லாதீங்க, சொல்லிட்டேன்’ என்று உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை ரயிலில் சென்னையிலிருந்து வந்தது ஒரு சின்னப் பெண், பெயர் தமிழினி, உன்னைவிட இரண்டு வயது கம்மிதான் இருக்கும், முதுகில் ஒரு பை, கையில் ஒரு டேப்லெட். அதில் ஒவ்வொன்றாகக் குறிக்கக் குறிக்க மேலே நட்சத்திரம் கூடுவதும் குறைவதும் தெரிகிறது. பேனரைப் பார்த்து, ‘சார், இது பிளாஸ்டிக்தானே?’ என்றாள். ஒரிஜினல் பிளாஸ்டிக் மேடம், மழைக்குக் கிழியாது என்றார் பாய் பெருமையாக. அவள் எதையோ குறித்தாள். வாசலில் வரிசையாக நின்ற குரோட்டன்ஸைப் பார்த்து, இத்தனைக்கும் தண்ணி எங்கேர்ந்து ஊத்தறீங்க என்றாள், சாயந்தரம் எல்லாம் திரும்பப் போய்விடும் என்று உளறிவிட்டேன். துணி எங்க காயப்போடறீங்க என்றாள். காயப்போடறதில்ல மேடம் என்றார் பாய். குளிக்கிற தண்ணி என்ன ஆகுது என்று என்னைக் கேட்டாள். ‘ஒரு சொட்டு வெளிய போவாது மேடம், ஜீரோ டிஸ்சார்ஜ்’ என்றேன். ‘அப்டின்னா?’ என்றாள். வேறு வழி தெரியாமல், ‘நாங்க ஜாஸ்தி குளிக்கறதில்ல’ என்று சொல்லிவிட்டேன். குளிக்காத, துணி காயப்போடாத குடும்பத்தைப் பார்த்து அந்தப் பெண் இரண்டடி தள்ளி நின்றுகொண்டது. தோள்பக்கமாக எட்டி டேப்லெட்டைப் பார்த்தேன். இரண்டு நட்சத்திரம் எரிகிறது, மூன்றாவது பாதியில் நிற்கிறது. உன் முகம் ஞாபகம் வந்தது பாப்பா.

அப்புறம் குளியலறைக்குப் போனாள். ஷவர், குழாய், வாஷ்பேசின் எல்லாவற்றையும் திறந்து, ஒரு ஜாடியில் பிடித்து, எவ்வளவு வேகத்தில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று கடிகாரம் பார்த்து எழுதினாள். பிடித்த தண்ணீரைக் கீழே ஊற்றினாள், மறுபடி பிடித்தாள். தண்ணீர் போகவில்லை. எப்படிப் போகும்? பாதம் நனைந்தது, வாசற்படி நனைந்தது, சோப்பு நுரையோடு தண்ணீர் கதவைத் தாண்டி ஹாலுக்குள் வந்தது. கதவில் ஓடுகிற மனிதனுக்குக் கீழே அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கமாகவே வந்தது. பாய் லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ‘பாத்தீங்களா மேடம், இந்த வீட்ல தண்ணிகூட ரூல்ஸ் பிரகாரம்தான் வெளிய வரும்’ என்றார். அம்மா சமையலறையிலிருந்து துடைப்பத்தோடு வந்தாள். எனக்குத்தான் என்று நினைத்து ஒதுங்கினேன். அவள் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். ‘மேடம், நாங்க தினம் ரெண்டு வேளை குளிக்கறோம். தண்ணி பூரா வாழைக்குத்தான் போவுது, எம் பொண்ணு போட்ட பிளான். இந்த ரெண்டு பேரும் கோணியைத் திணிச்சு வச்சிருக்காங்க. துணி வெயில்லதான் காயுது, கொடியை அவுத்து கட்டிலுக்கு அடியில போட்டிருக்காங்க. இந்தச் செடி எங்களுது இல்ல, அந்தப் பேனர் எங்களுது இல்ல, இந்த ஓட்ற ஆளும் எங்களுக்குச் சொந்தம் இல்ல. வீடு மட்டும்தான் மேடம் எங்களுது.’

அந்தப் பெண் சிரிக்க ஆரம்பித்தது நிற்கவில்லை. எல்லோரும் பின்பக்கம் போனோம். குரோட்டன்ஸைத் தள்ளிவிட்டு மண்ணில் குப்புறப் படுத்துக் குழாய்க்குள் கையை விட்டு இழுத்தேன். முதல் கோணி வந்தது. இரண்டாவது கோணிக்குப் பின்னால் குளியலறைத் தண்ணீர் பூராவும் காத்திருந்தது எனக்குத் தெரியாது. முகத்திலேயே அடித்தது. அவள் அதைப் போட்டோ எடுத்து ரிப்போர்ட்டிலும் போட்டிருக்கிறாளாம், நீ பார்க்கும்போது பதறாதே, வாழைக்கடியில் சேறு பூசிக்கொண்டு கிடப்பது கழிவு இல்லை, உன் அப்பா. ஆனால் தண்ணீர் ஜல்லியில் இறங்கிக் கல்வாழை வேரைத் தாண்டித் தெளிந்து வாழைப் பாத்திக்குப் போவதைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. மண்டி போட்டு உட்கார்ந்து கையில் ஏந்திப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள். ‘இதை எதுக்கு சார் மறைச்சீங்க? நான் இதைத் தேடித்தான் வந்தேன்’ என்றாள். பாயும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அதிகாரி குழாயைத் தேடி வந்து, குழாயைக் கண்டுபிடித்து, சந்தோஷப்பட்டதை எங்கள் சர்வீஸில் நாங்கள் பார்த்ததில்லை. பேனரை அவிழ்த்தோம். வெயில் அடிக்கிற சுவரில் வெளியே ஒரு கை, உள்ளே ஒரு கை வைத்துப் பார்த்து, உள்ளே எவ்வளவு குளிர்ச்சி என்று தலையாட்டினாள். ஜன்னல் எல்லாம் இடிந்த பழைய பங்களாவிலிருந்து வாங்கின தேக்கு என்றேன், அதற்கும் மார்க். கொடியைக் கட்டி அம்மா என் ஈரச் சட்டையைக் காயப்போட்டாள், அதற்குக்கூட மார்க். தோலைக் கையில் எடுத்தால் உண்ணிக் கடி எங்கே, கத்திக் கீறல் எங்கே என்று குறை தேடியே எனக்குக் கண் பழகிவிட்டது. அந்தப் பெண் நம் வீட்டில் நல்லதைத் தேடித் தேடி எடுத்ததைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

மதியம் பாய் வீட்டுப் பிரியாணி வந்தது, கத்தரிக்காய் தொக்கோடு. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, கடைசியாக ஒரு கேள்வி சார் என்றாள் அந்தப் பெண். மழைத்தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவு இவ்வளவு, அதை வீட்டு ஆட்களால் வகுத்து மார்க் வருமாம், ஆள் கம்மியானால் தண்ணீர் ரொம்ப நாளைக்கு வரும், மார்க் ஜாஸ்தி. நிரந்தரமாக எத்தனை பேர் இருக்கீங்க என்றாள். ‘ரெண்டு பேர்’ என்றாள் அம்மா. அந்தப் பெண் இரண்டு என்று தட்டினாள், டேப்லெட்டில் ஐந்து நட்சத்திரமும் எரிந்தது. நான், ‘மூணு போடும்மா’ என்றேன். அம்மா என்னைப் பார்த்தாள். ‘சார், மூணுன்னா ஒன்னு கொறையும். பரவால்லயா?’ என்றாள் அந்தப் பெண். கொறஞ்சா நாலு வருமா என்றேன். நாலு வரும் என்றாள். மூணே போடு என்றேன். ‘மூணாவது ஆள் யாரு சார்?’ என்று கேட்டாள். நான் முழித்த முழியைப் பார்த்துவிட்டு எலும்பைக் கடித்துக்கொண்டிருந்த பாய் கையைத் தூக்கினார். ‘நான்தான் மேடம். காலைல டீ, சாயந்தரம் டீ, பேப்பர் எல்லாம் எனக்கு இங்கதான். ஊட்ல கேட்டாகூட இந்த அட்ரஸ்தான் சொல்வாங்க.’ ஒரு நட்சத்திரம் அணைந்தது. கையெழுத்துப் போட்டேன். நாலு.

அன்றிலிருந்து அம்மா பாய்க்கு டீ கொடுக்கும்போதெல்லாம், ‘ஒரு ஸ்டாரைக் குடிச்சாச்சே, போதுமா பாய்?’ என்று கேட்கிறாள். அவரும் சளைக்காமல், சர்க்கரை கம்மி என்கிறார். உன் ஆபீஸ் சுவரில் படம் மாட்டாமல் போனது என்னால்தான், அதற்கு நீ கோபப்பட்டால் எனக்குச் சம்மதமே. ஆனால் நாலு வந்துவிட்டது, பதிவு வேலையைத் தள்ளிப்போடாதே, இந்த வாரமே எழுதிக் கொடுத்துவிடு. வேறு விசேஷம் என்ன, அம்மாவுக்கு முட்டிவலி தேவலை, படி ஏறி இறங்குகிறாள். வாழை குலை தள்ளியிருக்கிறது, சபையில் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குக் கொடுப்பதாகக் கர்த்தரிடம் பொருத்தனை. ஹீட்டரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்காதே. ராத்திரி ரொட்டியைக் கடித்துவிட்டுப் படுக்காமல் ஒரு பிடி சோறு வடித்துச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்தில் தயவுசெய்து போன் பண்ணாதே, போன வாரம் காணிக்கைப் பை என்னிடம் வந்த நேரம் பார்த்து என் பாக்கெட்டில் நாதஸ்வரம் வாசித்தது. மாடியில் உன் அறைக்குத் திரைச்சீலை என்ன நிறம் வாங்கட்டும் என்று அம்மா கேட்கிறாள், மறக்காமல் சொல்லு, இல்லையென்றால் பாய் போய் வாங்கி வந்துவிடுவார். உன் கையால் தொடங்குகிற வேலை எல்லாவற்றையும் கர்த்தர் நிறைவாக்கித் தருவார். நானும் அம்மாவும் காலை மாலை உனக்காக ஜெபிக்கிறோம்.

மூணு என்று ஏன் சொன்னீங்க என்று அம்மா இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள், பாய் மேலே பழியைப் போட்டே காலத்தை ஓட்டுகிறேன். ரெண்டு என்பதுதான் சரியான கணக்கு, அது எனக்கும் தெரியும். அதை அந்தப் பெண் எழுதிக்கொள்ள, அதற்குக் கீழே என் கையெழுத்தைப் போட மனசு வரவில்லை. மூணாவது ஆள் யாரு என்று அவள் கேட்டபோது ஒரு பெயர் வாய் வரைக்கும் வந்தது, சத்தமாகச் சொன்னால் குரல் உடைந்து அம்மாவும் அழுதுவிடுவாளே என்று விழுங்கிவிட்டேன். அது பாய் பெயர் இல்லை பாப்பா.

உன் அப்பா,
ஜெயகரன்